பழுதான புது வண்டியை மாற்றிக் கொடு! இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கொடு!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! சீசனுக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் தம்பிமார்களே!



நம்ம ஊரில் 'கார்' என்று சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது வண்டி இல்லை, பட்டம். ஆனி, ஆடியில் மேற்கு மலையில் சாரல் பிடித்து, குற்றாலம் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் கொட்ட ஆரம்பித்தால் சிற்றாற்றில் தண்ணீர் வரும். அணைக்கட்டில் திரும்பி, கால்வாய் வழியாகக் குளத்துக்கு வரும். குளம் நிறைந்தால் கார் நடவு. அதே அருவியில் குளிக்க வருகிற சனத்தால் நம்மில் பல குடும்பங்களுக்கு மூன்று மாதம் கைச்செலவுக்கும் வழி பிறக்கும். ஆக, ஒரே தண்ணீர் நமக்கு இரண்டு வேளைச் சோறு போடுகிறது.

இந்த இரண்டு வேளைச் சோற்றிலும் மண் விழுந்த கதையைச் சொல்லத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம். மழை ஏமாற்றவில்லை. ஆறு ஏமாற்றவில்லை. முன்பணமும் கடனுமாகக் காசை எண்ணிக் கொடுத்து வாங்கிய புத்தம் புது வண்டி ஏமாற்றிவிட்டது. விற்றவர்களோ ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, "பார்ப்போம் அண்ணாச்சி, மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்" என்கிறார்கள். மேலிடம் எது? அது வானத்திலா இருக்கிறது? கேட்டால் பதில் இல்லை.

38 மணி நேரம் ஓடிய டிராக்டர்

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர். சிற்றாற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை. மாடு வைத்துக் கட்டுப்படியாகவில்லை. வாடகை டிராக்டருக்குக் காத்திருந்து இரண்டு வருடம் நடவு பிந்திப் போனது. சொந்தமாக ஒரு டிராக்டர் வாங்கினால், நம்ம வயலும் உழுத மாதிரி இருக்கும், அக்கம்பக்கத்து வயலைக் கூலிக்கு உழுது தவணையையும் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார். தப்பான கணக்கா அது? இல்லவே இல்லை. முன்பணத்துக்கு வீட்டுக்காரம்மா கழுத்தில் கிடந்தது போனது. கடனுக்கு நிலப் பத்திரம் பேங்குக்குப் போனது. வைகாசியில் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஊர்க் கோயிலைச் சுற்றிக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்தினார்.

ஹவர் மீட்டரில் 38 மணி நேரம். அவ்வளவுதான் ஓடியது. முதல் தொளி உழவிலேயே ஹைட்ராலிக் தூக்கவில்லை. ரோட்டவேட்டர் சேற்றுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. கியர் பெட்டிக்குக் கீழே எண்ணெய் ஒழுகியது. அரை மணி நேரம் ஓட்டினால் எஞ்சின் கொதித்தது. மெக்கானிக் வந்தார், சீல் மாற்றினார், போனார். திரும்ப ஒழுகியது. திரும்ப வந்தார், பம்பைக் கழற்றினார், மாட்டினார், போனார். இப்படி ஆறு தடவை. முதல் மூன்று தடவை சொன்னது, "புது வண்டில்லா அண்ணாச்சி, செட் ஆகட்டும்." நான்காவது தடவை சொன்னது, "உங்க டிரைவருக்கு ஓட்டத் தெரியல." ஆறாவது தடவை சொன்னதுதான் வேடிக்கை: "தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் விட்டுட்டீக."

ஏ அய்யா! தொளி உழவைத் தண்ணீருக்குள் ஓட்டாமல் மொட்டை மாடியிலா ஓட்டுவார்கள்? விற்கிறபோது காட்டின விளம்பரப் படத்தில் அதே டிராக்டர் முழங்கால் சேற்றில் சிங்கம் மாதிரிப் போகுதே, அது எந்தத் தண்ணீர்?

டிராக்டர் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. நாற்று முற்றிப் போனது. கடைசியில் வேறொரு டிராக்டரை மணிக்கணக்கு வாடகைக்குப் பிடித்து உழுதார். வண்டி நின்றுவிட்டது, தவணை நிற்கவில்லை.

புளியரை வளைவில் நின்ற கார்

இன்னொருவர், அரை ஏக்கர் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய மகன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோய் விலை கிடைக்காமல் திரும்பி வந்து அலுத்துப் போனவன். பைனான்ஸ் போட்டு ஏழு பேர் உட்காரும் புதுக் கார் ஒன்று வாங்கினான். தென்காசி ரயில் நிலையத்திலிருந்து குற்றாலம், அங்கிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு என்று சவாரி. சீசன் மூன்று மாதம் ஓடினால் வருடத் தவணையில் பாதி தேறிவிடும்.

வாங்கிப் பதினோராம் நாள், புளியரை எஸ் வளைவில் ஏறும்போது கியர் விழவில்லை. பின்னால் லாரி, முன்னால் வளைவு, உள்ளே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது அவர்கள் செய்த புண்ணியம். அதன் பிறகு நாலு தடவை சர்வீஸுக்கு விட்டான். நாலு தடவையும் கழுவித் துடைத்துப் பளபளப்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கியர் மட்டும் அப்படியே இருந்தது. "ஓட்டிப் பார்த்தோம், எங்களுக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார்கள். மலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டால், அதற்கு அனுமதி இல்லையாம்!

சீசன் முடிந்து போனது. அருவியில் தண்ணீர் வற்றிய பிறகு வண்டி சரியாகி யாருக்கு என்ன லாபம்?

பந்து விளையாடுகிறார்கள்

இந்த இரண்டு குடும்பமும் படி ஏறாத இடம் இல்லை. ஷோரூமில் கேட்டால், "நாங்க விக்கிறவங்கதான், செய்றது கம்பெனி" என்கிறார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால், "உங்கள் டீலரை அணுகவும்" என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொல்கிறது. பேங்கில் கேட்டால், "வண்டி ஓடுதா ஓடலையான்னு எங்களுக்கு என்ன? தவணையைக் கட்டுங்க" என்கிறார்கள். இன்சூரன்ஸில் கேட்டால், "விபத்துக்குத்தான், பழுதுக்கு இல்ல" என்கிறார்கள். நாலு பக்கமும் உதைக்கிறார்கள், பந்து நாம்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஊர் ஊருக்கு போர்டு வைத்து, "இன்றே வாங்குங்கள்" என்றார்கள். வாங்கச் சொல்ல ஆயிரம் போர்டு இருக்கிறது. வாங்கினது கெட்டுப் போனால் எங்கே போவது என்று சொல்ல ஒரு போர்டு உண்டா?

நாம் கேட்பது தர்மம் இல்லை, சட்டம்

விவசாயிகளே! ஷோரூம் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று நிற்கிற நிலைமை நமக்கு வேண்டாம். 1986-லேயே இந்த நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதை மாற்றி 2019-ல் புதுச் சட்டம் போட்டார்கள். அது 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. அது என்ன சொல்கிறது?

ஒரு பொருள் இருக்க வேண்டிய தரத்தில், திறத்தில் குறை இருந்தால் அது குறைபாடுள்ள பொருள். குறை நிரூபணமானால், அதை நீக்கிக் கொடு, இல்லை வேறு புதுப் பொருள் கொடு, இல்லை விலையை வட்டியோடு திருப்பிக் கொடு, பட்ட நஷ்டத்துக்கும் ஈடு கொடு என்று உத்தரவு போட 39-ஆவது பிரிவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

பில்லின் பின்னால் பொடி எழுத்தில், "வழக்கு எதுவானாலும் இன்ன ஊர் நீதிமன்றத்தில்தான்" என்று அச்சடித்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 34-ஆவது பிரிவு சொல்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வர வேண்டும்.

வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நாமே நின்று பேசலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். 50 லட்சம் வரையுள்ள விலைக்கு மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பழுது தெரிந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். இதை மட்டும் மறந்துவிடக் கூடாது. "இந்தா சரி பண்ணுதோம், அந்தா சரி பண்ணுதோம்" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்த இரண்டு வருடக் கணக்கு நன்றாகத் தெரியும், நமக்குத்தான் தெரிவதில்லை.

அவர்கள் சொல்லும் சாக்கு, நாம் சொல்லும் பதில்

முதல் சாக்கு: "நீங்க கூலிக்கு உழுதீங்க, வாடகைக்கு ஓட்டினீங்க. அது வியாபாரம். வியாபாரிக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது."

பதில்: 1995-ல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் போட்ட வழக்கு அது. அந்தத் தொழிற்சாலை தோற்றது. பெரிய அளவில் லாபத்துக்கு வாங்கியதை வணிகம் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆனால் அதே தீர்ப்பில், ஒருவன் ஆட்டோவோ காரோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைத்தால் அவன் நுகர்வோர்தான் என்று விளக்கம் சொன்னது. சுயதொழில் செய்து வயிறு கழுவ வாங்கிய பொருள் வணிகக் கணக்கில் வராது என்று இன்றைய சட்டத்திலும் எழுதியிருக்கிறது. நம்ம டிராக்டரும் நம்ம தம்பி காரும் வயிற்றுப்பாட்டுக்கு வாங்கினவை. தொழிலதிபர் ஆக வாங்கினவை இல்லை.

இரண்டாவது சாக்கு: "லேப் ரிப்போர்ட் எங்கே? நிபுணர் சான்று எங்கே?"

பதில்: ஆந்திர விவசாயிகளுக்கும் தேசிய விதைக் கழகத்துக்கும் நடந்த வழக்கில் 2012 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விதை முளைக்கவில்லை என்று வந்தவனிடம் விதை மாதிரி எங்கே என்று கேட்டார்கள். வாங்கிய விதையை எல்லாம் நிலத்தில் போட்டவன், சோதனைக்கென்று மடியில் முடிந்து வைத்திருப்பானா? விவசாயியும் நுகர்வோர்தான், மாதிரி வைத்திருக்கவில்லை என்று சொல்லி அவனை விரட்ட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. கார் வழக்கிலும் இப்படி ஒரு நியாயம் பிறந்திருக்கிறது. 2017-ல் விபத்து நடந்தபோது ஏர்பேக் விரியவில்லை என்று டெல்லியில் ஒருவர் ஹூண்டாய் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு விசையில் மோதினால் ஏர்பேக் விரியும் என்று கணக்குப் போட வண்டி வாங்குகிறவன் இயற்பியல் நிபுணரா என்ற கருத்தில் உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் பேசியது. நஷ்டஈடும் வண்டி மாற்றமும் உறுதியாயின. அவருக்கு அது பொருந்தும் என்றால், ஹைட்ராலிக் ஏன் தூக்கவில்லை என்று சொல்ல நம்ம ஆள் என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டுமா?

மூன்றாவது சாக்கு: "வாரண்டின்னா பாகத்தை மாத்தித் தாறதுதான், வண்டியையே மாத்தித் தாறது இல்ல."

பதில்: இதில் அவர்கள் கையிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதை நாம் மறைக்க வேண்டாம். 2006-ல் மாருதி நிறுவனத்தின் வழக்கில், கிளட்ச் பழுதுக்காக முழுக் காரையும் மாற்றித் தர வேண்டியதில்லை, வாரண்டிப்படி பாகத்தை மாற்றினால் போதும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2010-ல் பியட் கார் வழக்கில் அதே நீதிமன்றம், தனி நிபுணர் வண்டியைப் பார்க்கட்டும், பிறவியிலேயே உள்ள குறை என்று அவர் சொன்னால் விலையையும் ஆயுள்கால வரியையும் வட்டியோடு திருப்பிக் கொடு என்று வழி வகுத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குப் பாடம் ஒன்றுதான்: ஒரு தடவை கெட்டது என்றால் பாகம், ஒரே பழுது ஆறு தடவை திரும்பத் திரும்ப வந்தது என்று காகிதத்தில் காட்ட முடிந்தால் வண்டி.

நான்காவது சாக்கு: "அது டீலர் தப்பு", "அது கம்பெனி தப்பு."

பதில்: 2004-ல் கேரளத்துக்காரர் ஒருவர் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் மேல் போட்ட வழக்கில், பழுதான காரைப் புத்தம் புதிது என்று விற்பது வெட்கக்கேடு, பழுதை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடுவது அதைவிட வருத்தத்துக்குரியது என்று உச்சநீதிமன்றம் கண்டித்தது. ஆனால் 2021-ல் கோவாக்காரர் ஒருவரின் வழக்கில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ல் செய்து, 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காரை 2011-ல் புதுக் கார் என்று டீலர் தலையில் கட்டினார். அதில் உற்பத்தி செய்த டாடா மோட்டார்ஸுக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்கவில்லை என்று அந்த நிறுவனத்தை நீதிமன்றம் விடுவித்தது, டீலர் மாட்டிக்கொண்டார். எனவே புகாரில் டீலரையும் கம்பெனியையும் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். எவர் செய்த தப்பு எது என்று பிரித்து எழுத வேண்டும். ஒருவரை விட்டால் அந்த ஓட்டை வழியாக இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

நம்ம பக்கத்து ஓட்டையையும் அடைக்கணும்

அடுத்தவனைத் திட்டினால் மட்டும் போதாது. நம்ம பக்கத்துத் தப்பையும் நாமே பேசுவோம். வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது என்ன எழுதினார்கள் என்று படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். நாம் சொன்னது, "ஹைட்ராலிக் தூக்கல." ஜாப் கார்டில் எழுதியிருப்பது, "பொதுவான பரிசோதனை." ஆறு தடவை வந்து பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியும், ஆணையத்துக்குத் தெரிய வேண்டாமா? மெக்கானிக் வயலுக்கே வந்துவிட்டுப் போனால் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்குவது இல்லை. "நம்ம பையன்தானே" என்று மோர் கொடுத்து அனுப்பி வைக்கிறோம். மோர் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சீட்டையும் வாங்குங்கள்!

புது வண்டி கெட்டுப் போச்சு என்று வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். "ராசி இல்லாத வண்டி" என்று பூசணிக்காய் உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கெட்டது நம்ம ராசி இல்லை, அவன் செய்த வண்டி. வெட்கப்பட வேண்டியது விற்றவன்.

ஆகவே, வண்டி வாங்கிய ஒவ்வொருவரும் கீழ்க்கண்டவற்றை ஒரு பையில் போட்டு, பத்திரம் வைக்கிற பெட்டியில் வைக்க வேண்டும்:

பில், டெலிவரி சீட்டு, வாரண்டிப் புத்தகம், கடன் ஒப்பந்தத்தின் நகல். பில் கொடுக்க மறுத்தால் அதுவே நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஜாப் கார்டு. நாம் சொன்ன பழுது நம் வார்த்தையில் எழுதியிருக்கிறதா என்று படித்த பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பார்த்த பிறகே கையெழுத்து. தேதியும் ஹவர் மீட்டர் அல்லது கிலோமீட்டர் கணக்கும் கட்டாயம்.

பழுது வந்த இடத்திலேயே செல்போனில் எடுத்த படம், வீடியோ. எண்ணெய் ஒழுகுவதை எடுங்கள், மீட்டரையும் எடுங்கள்.

வண்டி நின்ற நாளில் வாடகைக்கு எடுத்த வண்டிக்குக் கொடுத்த காசுக்கு ரசீது. நஷ்டஈடு கேட்க இதுதான் ஆதாரம்.

மூன்றாவது தடவையும் அதே பழுது வந்தால், டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ஒப்புகை அட்டை பத்திரம். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிய வேண்டும். பிறகு ஆணையம். 2025-லிருந்து இ-ஜாக்ரிதி என்ற இணைய வழியிலும் புகார் கொடுக்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் செய்துவிடும். இல்லாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள்.

வழக்கு நடக்கும்போதே இடைக்கால உத்தரவு கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வண்டியைப் பறிக்க ஆள் வந்தால் அழுதுகொண்டு நிற்காமல், புகாரோடு அந்த மனுவையும் போட வேண்டும்.

தீர்ப்பு உண்டு, காலம் எங்கே?

சட்டம் நல்ல சட்டம்தான். பரிசோதனை தேவையில்லாத புகாரை மூன்று மாதத்திலும், பரிசோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பாடுபட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நடப்பது என்ன? மேலே சொன்ன ஏர்பேக் வழக்கு, விபத்து நடந்து நாலு வருடம் தாண்டித்தான் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. கோவாக்காரர் 2011-ல் வாங்கிய காருக்கு 2021-ல் கடைசித் தீர்ப்பு. பத்து வருடம்! பத்து வருடத்தில் நமக்கு இருபது சாகுபடி. பத்துக் கார், பத்துப் பிசானம். கம்பெனிக்குப் பத்து வருடம் என்பது ஒரு பைல். நமக்கு ஒரு ஆயுசு.

அவர்கள் தோற்றால் மேல்முறையீட்டுக்குப் போவார்கள். உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிய பிறகே மேல்முறையீடு என்று 2019 சட்டம் கிடுக்கிப் போட்டிருக்கிறது. உத்தரவை மதிக்காதவனுக்குச் சிறையும் அபராதமும் உண்டு. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதை வயலுக்கு இறக்கத்தான் போராட்டம். சட்டம் கால்வாய் மாதிரி. மதகைத் திறக்க ஆள் போனால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும்.

எமது கோரிக்கைகள்

1. மேற்சொன்ன இரண்டு குடும்பங்களுக்கும் பழுதான வண்டிகளை உடனே மாற்றிக் கொடு. இல்லையேல் முழு விலையையும் வட்டியோடு திருப்பிக் கொடு. ஒரு கார் பட்டமும் ஒரு சீசனும் போன நஷ்டத்துக்கு ஈடு கொடு.

2. பிரச்சினை தீரும்வரை வங்கியும் பைனான்ஸும் தவணைக்காக நெருக்கக் கூடாது. வண்டியைப் பறிக்கவோ நிலத்தின் மேல் கை வைக்கவோ கூடாது. மாவட்ட ஆட்சியர் வங்கி அதிகாரிகளை அழைத்துப் பேச வேண்டும்.

3. விவசாயி புகார் கொடுத்த ஒரு வாரத்துக்குள் வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளர் வயலுக்கே வந்து டிராக்டரைச் சோதித்து, கட்டணம் வாங்காமல் சான்று தர வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள மத்திய நிலையத்தில் மாதிரி டிராக்டரைச் சோதித்துச் சான்று கொடுக்கிறார்கள். அங்கே தேறிய மாதிரி வேறு, நம்ம வயலில் வந்து நின்ற வண்டி வேறு. நின்ற வண்டியைப் பார்க்க ஆள் வேண்டும்.

4. உழவுக் காலத்தில் வாரண்டியில் உள்ள வண்டி மூன்று நாளுக்கு மேல் நின்றால், சரியாகும் வரை டீலர் மாற்று வண்டி தர வேண்டும்.

5. ஜாப் கார்டு, வாரண்டி நிபந்தனைகள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். புரியாத மொழியில் கையெழுத்து வாங்குவது கண்ணைக் கட்டிக் குழியில் தள்ளுவது.

6. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அதன் பலன் விவசாயிக்கும் கிடைக்க வேண்டும். நம் மாவட்டத்து நுகர்வோர் வழக்குகள் தென்காசியிலேயே அமர்வு வைத்து, சட்டம் சொன்ன கெடுவுக்குள் முடிய வேண்டும்.

7. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறக் கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒரே ரகத்தில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால் அந்த அதிகாரத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டும்.

விவசாயிகளே! வண்டி ஓட்டும் தம்பிமார்களே!

தனி ஆளாகப் போனால் "பார்ப்போம் அண்ணாச்சி". நூறு பேர் போனால் "உக்காருங்க அண்ணாச்சி, என்ன சாப்பிடுதீக?" இதுதான் உலகம். நாம் யார் கண்ணாடியையும் உடைக்கப் போவதில்லை. ஷோரூமில் வேலை பார்க்கும் பையன்களும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்கள் மேல் ஒரு வசைச்சொல் விழக் கூடாது. நம் சண்டை விற்றுவிட்டுக் கையைக் கழுவும் முதலாளிகளோடுதான்.

வருகிற திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளன்று காலை 10 மணிக்குத் தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு கண்டன ஆர்ப்பாட்டம். அந்த 38 மணி நேர டிராக்டருக்கு இரண்டு காளை பூட்டி இழுத்து வருகிறோம். மாட்டை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கு என்று சொன்னார்களே, அந்த மாடுதான் இன்றைக்கு டிராக்டரை இழுக்கிறது என்பதை ஊர் பார்க்கட்டும்! அதிகாரிகளும் பார்க்கட்டும்!

இலஞ்சி, மேலகரம், வல்லம், காசிமேஜர்புரம், சுந்தரபாண்டியபுரம், பாவூர்சத்திரம், செங்கோட்டை, கடையநல்லூர் சுற்று வட்டாரத்து விவசாயிகள் அனைவரும் வாருங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தால், அதன் பில்லையும் ஜாப் கார்டையும் கையோடு எடுத்து வாருங்கள். அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதித் தருகிறோம். ஒரே மாதிரிப் பழுது உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு ஒன்றாகச் சேர்ந்து புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது.

நெல் அளக்கும்போது ஒரு மரக்கால் குறைந்தால் நம்மைக் கள்ளன் என்பார்கள். நெல்லில் ஈரம் இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். நம்ம பொருளுக்கு இருக்கிற கண்டிப்பு அவன் பொருளுக்கும் இருக்கட்டும். அதைத்தான் கேட்கிறோம். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை.

பழுது உன்னுடையது! பணம் எங்களுடையது!
மாற்றிக் கொடு! மாற்றிக் கொடு! பழுதான வண்டியை மாற்றிக் கொடு!
நிறுத்து! நிறுத்து! ஓடாத வண்டிக்குத் தவணை கேட்பதை நிறுத்து!
விவசாயியும் நுகர்வோரே! சட்டம் எங்களுக்கும் சொந்தமே!

அணி திரள்வீர்! ஆதரவு தாரீர்!

இவண்,
தென்காசி, குற்றாலம் சுற்று வட்டார விவசாயிகள்